கரடிக் காவல்

என் மகளுக்கு என்ன வேலை என்று பாரிஸில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா ஷப்பலில் யார் கேட்டாலும் "கப்பல் கொம்பனியில்" என்று மட்டும் சொல்லி வந்தேன். கேட்டவர்கள் தாங்களாகவே ஒரு கண்ணாடிக் கட்டடம், ஒரு மேசை, ஒரு கணினி என்று கட்டிக்கொள்வார்கள். கட்டிக்கொள்ளட்டும், எனக்கென்ன நட்டம்? உண்மையில் அவள் கோடை முழுக்க வடதுருவத்துப் பக்கம் சின்னக் கப்பல் ஒன்றில் திரிந்தாள். பனிக்கரடியும் வால்ரஸும் பார்க்க ஆசைப்படும் பணக்காரக் கிழடுகளுக்கு அவள் வழிகாட்டி. தகப்பன் போன பிறகு அங்கே ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் மரக்கறிக் கடை வைத்து, கறிவேப்பிலைக் கட்டும் முருங்கைக்காயும் விற்று, உயிரியல் படிக்க வைத்த பிள்ளை. படித்து முடித்ததும் ஒரு கல்லூரியில் வாத்தியார் வேலை கிடைத்தது. அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் பனிக்குள் போய்விட்டாள்.

என் கடைக்கு எதிர்ப்பக்கத்தில் நகைக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு மட்டும் உண்மை தெரியும்; அவருக்கு என் மகள் மேல் ஒரு கண். தன் தம்பி மகனுக்குப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தார். பெடியன் நல்லவன், பாரிஸுக்கு வெளியே திரான்சியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. "குமர்ப்பிள்ளை இப்பிடி ஐஸுக்கை அலையிறது வடிவே? ஊர் என்ன கதைக்கும்?" என்பார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று நானும் பதிலுக்குச் சொல்வேன். ஆனால் கடையைப் பூட்டும்போது அந்தக் கதை என்னோடு ரயிலேறி வீடு வரை வரும்.

அந்த வருடம் மகள் வழக்கம் போலக் கேட்டாள். வேலை செய்கிறவர்கள் வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டிப் போகலாமாம், ஒருக்கால் வந்து பாருங்கோ அம்மா என்றாள். வாறன் என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். பாவம். நான் கரடி பார்க்கப் போகவில்லை. அந்த வேலை எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று அங்கேயே வைத்துச் சொல்லி, வேலையை விடப் பண்ணி, கையோடு கூட்டி வரத்தான் போனேன். கோடை முடிவில் வரும் தேருக்கு முன் அவளோடு திரும்பிவிட்டால், ரூ பஜோல் தெருப் பிள்ளையாருக்குத் தேர் வரும் வழியில் தேங்காய் உடைப்பதாக நேர்த்தியும் வைத்தேன்.

கப்பலில் என் அறையில் ஓய்வு பெற்ற பிரெஞ்சு ஆசிரியை ஒருத்தி. எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். திரான்சி என்றேன். இல்லை, உண்மையில் எங்கிருந்து என்றாள். உண்மையிலும் திரான்சிதான் என்றேன். அதோடு எங்கள் சிநேகிதம் முடிந்தது. சாப்பாடு உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. வெளியே பார்த்தால் கல்லும் பனியும் சாம்பல் கடலும். இதைப் பார்க்கவா சனம் இவ்வளவு செலவழிக்கிறது என்று வயிறு எரிந்தது.

முதல் தரம் கரையிறங்கும் நாள். ரப்பர் படகில் ஏற எல்லோரும் மேல்தட்டில் வரிசையில் நின்றோம். மிதவை அங்கி, முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. மகள் கடைசியாகப் படியேறி வந்தாள். தோளில் துவக்கு.

"என்னடி இது?"

"கரடி வந்தால் காவலுக்கு அம்மா. இது இல்லாமல் இஞ்சை ஒருத்தரையும் கரைக்கு இறக்கக் கூடாது. சட்டம்." பிறகு பிரெஞ்சில் மளமளவென்று சொன்னாள். கரடியைக் கண்டால் முதலில் விலகிப் போவார்களாம். அதற்கும் கேட்காவிட்டால் வெடிபோட்டு விரட்டுவார்களாம். துவக்கு எல்லாவற்றுக்கும் கடைசியாம். அவள் ஒரு நாளும் ஒரு கரடியையும் சுட்டதில்லையாம்.

எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. "பிள்ளையள் துவக்குத் தூக்கக் கூடாதெண்டுதானடி நாங்கள் நாட்டை விட்டு ஓடி வந்தனாங்கள்!" என்று கத்தினேன்.

"அது வேறை, இது வேறை அம்மா."

"துவக்கிலை என்னடி வேறை?"

என் தம்பி மீசை அரும்பும் வயதில் துவக்குத் தூக்கினான். அவன் திரும்பி வரவில்லை, உடலும் வரவில்லை. அது அவளுக்குத் தெரியாத கதை இல்லை. மாமாவின் படத்துக்குக் கீழே இருந்துதான் பள்ளிப் பாடம் படித்தாள். தெரிந்துகொண்டும் தூக்கினாளே என்றுதான் என் நெஞ்சு கொதித்தது. மிதவை அங்கியைக் கழற்றி மேல்தட்டிலேயே எறிந்துவிட்டு அறைக்குப் போய்ப் படுத்தேன்.

அதன் பிறகு மற்றவர்கள் நாளும் கரைக்குப் போய் வர, நான் கப்பலிலேயே கிடந்தேன். மகள் வந்து கதவைத் தட்டினால் திட்டினேன். அவளும் விடவில்லை. நான் தமிழில் ஒன்று சொன்னால் அவள் பிரெஞ்சில் இரண்டு சொல்வாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆசிரியை ஒருநாள், உங்கள் மகள் எங்களை எவ்வளவு நன்றாகக் காக்கிறாள் என்று எனக்குப் புத்தி சொல்ல வந்தாள். தலையிடியும் காய்ச்சலும் தனக்குத் தனக்கு வந்தால்தான் தெரியும். உன் பிள்ளையின் தோளில் அதை மாட்டிவிட்டு வந்து கதை என்றேன். அவள் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள்.

பயணம் முடியப் போகிற நேரத்தில் ஒரு காலை மகள் வாசலில் நின்றாள். "இண்டைக்கு வால்ரஸ் அம்மா. என்னோடை கதைக்க வேண்டாம். வந்து பாருங்கோ, அது காணும்." பார்த்துவிட்டால், பார்த்தாச்சு, இனி வா வீட்டுக்கு என்று சொல்ல எனக்கு வாய் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். படகடியில் குழுத் தலைவர், நெட்டையான பிரெஞ்சு மனிதர், என்னைப் பார்த்துவிட்டு அவளிடம் ஏதோ மெதுவாகக் கேட்டார். அவள் தலையாட்டினாள். "இவர் கரையில் ஒழுங்காக இருப்பாரா" என்று அவர் கேட்டதும், "என் அம்மா, நான் பொறுப்பு" என்று அவள் சொன்னதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

வால்ரஸ்கள் கரையில் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. மீன் சந்தையைக் கழுவாமல் ஒரு கிழமை பூட்டி வைத்தால் வரும் நாற்றம். மகள் தாழ்ந்த குரலில் அவற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னோடு எரிந்து விழுகிற வாயில் அவ்வளவு நிதானம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. வயது போனவர்கள் எல்லாம் பள்ளிப் பிள்ளைகள் போல வாய் பார்த்து நின்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போதுதான் மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கரடி ஏறி வந்தது. வெள்ளை என்கிறார்கள், பழுப்பேறிய மஞ்சள்தான். மகள் குரலை உயர்த்தாமல் கட்டளை போட்டாள். ஓட வேண்டாம், ஒன்றாகச் சேருங்கள், மெதுவாகப் படகுக்கு நடங்கள். தான் மட்டும் எங்களுக்கும் கரடிக்கும் நடுவில் நின்றாள். தோளிலிருந்த துவக்கை இறக்கி, குண்டை ஏற்றினாள். "சடக்" என்று கேட்டது.

எனக்கு அந்தச் சத்தம் போதும். கூட்டத்தை விட்டு ஓடிப் போய்த் துவக்கின் வாரைப் பிடித்து இழுத்தேன். "வையடி அதைக் கீழை!"

பின்னால் சனம் கத்தியது. மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கரடியையே பார்த்துக்கொண்டு, "அம்மா, விடுங்கோ. பின்னாலை போங்கோ அம்மா" என்றாள். நான் விடவில்லை. எங்களோடு கரையிறங்கியிருந்த இன்னொரு வழிகாட்டி கரடி விரட்டும் வெடியைப் போட்டான். கரடி நின்றது, மூக்கை உயர்த்தி மணந்து பார்த்தது, பிறகு எங்களை ஒரு பொருட்டாகவே எடுக்காமல் வந்த வழியே போனது.

கப்பலுக்குத் திரும்பியதும் தலைவர் என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவளிடம்தான் பேசினார். காலையில் நீ பொறுப்பு என்றாய், இன்றைக்கு ஒரு ஆள் செத்திருக்கும் என்றார். துவக்கைத் தா என்றார். அவள் அதைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்டி, இரண்டு கையாலும் கொடுத்தாள். துறைமுகத்தில் வைத்து, கொம்பனி முடிவு செய்யும் வரை வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார். எனக்கு மட்டும் தன் தொலைபேசி இலக்கத்தைத் தந்து, ஏதும் சொல்ல விரும்பினால் எடுங்கள் என்றார். கோபத்தில் அதைக் கைப்பைக்குள் திணித்தேன்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோசம். நினைத்த காரியம் நடந்துவிட்டது. விமானத்தில் மகள் கேட்டது ஒன்றுதான்: "இப்ப சந்தோசமோ?"

"நீ உயிரோடை இருக்கிறாய். எனக்கு அது காணும்" என்றேன்.

தேரன்று தேங்காய் உடைத்தேன். மகள் கடைக்கு வரத் தொடங்கினாள். வெண்டிக்காய் நிறுத்தாள், காசு வாங்கினாள், பெட்டி தூக்கினாள். ஒரு குறை சொல்ல முடியாது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. வீட்டிலும் அப்படியே. கறியில் உப்புக் கூடினாலும் வாய் திறக்காமல் சாப்பிட்டாள். நல்ல பிள்ளையாகிவிட்டாள் என்று நானும் சில நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை, கடை நிறையச் சனம். நகைக்கடை அக்கா முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துக்கொண்டே மகளிடம் சொன்னார்: "அந்தக் கப்பல் கறுமத்தை விட்டது நல்லது பிள்ளை. எங்கடை பொம்பிளைப் பிள்ளையளுக்கு உது சரிவராது. ஞாயிற்றுக்கிழமை தம்பியாக்களைக் கூட்டிக்கொண்டு வீட்டை வாறன், என்ன?"

மகள் நிமிரவில்லை. "ஓம் அன்ரி" என்றாள்.

எனக்குத் தலையில் இடி விழுந்தது. பேசப் பழகிய நாளிலிருந்து என் மகள் எதற்கும் மறுபேச்சில்லாமல் ஓம் சொன்னதே இல்லை. பால் குடி என்றால் ஏன் என்பாள். கோயிலுக்கு வா என்றால் எதற்கு என்பாள். அதுவும் பிரெஞ்சில். இந்த ஓம் எங்கிருந்து வந்தது? இது யாருடைய பிள்ளை? சனியன் பிடித்தவளே, என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று என்னையே திட்டினேன்.

கைப்பையைக் கொட்டி அந்த இலக்கத்தைத் தேடி எடுத்தேன். அங்கேயே, கல்லாவடியில் நின்று அழைத்தேன். தலைவர் எடுத்தார். "நான்தான் அந்தத் தாய்" என்றேன், என் கடைப் பிரெஞ்சில். "இழுத்தது நான். அவள் ஒரு பிழையும் செய்யவில்லை. தடுப்பதென்றால் என்னைத் தடுங்கள், உங்கள் கப்பல் பக்கம் இனித் தலை வைத்தும் படுக்க மாட்டேன்."

 அப்படியென்றால் நான் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள் மேடம் என்று அவர் கேட்டார்.

"அந்தத் துவக்கை என் மகளின் கையில் திருப்பிக் கொடுங்கள்!"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. பிரெஞ்சில்தான் சொன்னேன், ஆனால் துவக்குக்கு என்ன சொல் என்று தெரியாத ஆள் அந்தக் கடைக்குள் ஒருவரும் இல்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நகைக்கடை அக்கா கையிலிருந்த முருங்கைக்காயை மெல்லப் பெட்டிக்குள் வைத்தார். போனை அவளிடம் கொடுங்கள், அவளே பேசட்டும் என்றார் தலைவர். நான் தொலைபேசியை நீட்டினேன்.

"உங்களை ஆர் கேட்டது?" என்று கடை முழுக்கக் கேட்கப் பிரெஞ்சில் கத்திக்கொண்டே, மகள் அதை என் கையிலிருந்து பறித்தாள்.