சுருங்கியது என் கோட் இல்லை

ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். சாமல்பட்டியிலிருந்து ஓசூருக்கு வந்தபோது கையில் இருந்தது ஒரு கத்தரிக்கோல். இன்றைக்கு மூக்கண்டப்பள்ளியில் என் ஷெட்டில் முப்பது பவர் மெஷின் ஓடுகிறது. வெல்டருக்கு லெதர் ஏப்ரன், பெயிண்ட் ஷாப்புக்குப் பஞ்சு பறக்காத சூட், எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு ஸ்டேட்டிக் கோட், மூன்றையும் ஒரே கூரைக்குக் கீழே தைக்கிறவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்தன்தான். லோன் தரமாட்டேன் என்று பேங்க் மேனேஜர் சொன்னார். அவர் மாற்றலாகிப் போவதற்குள் ஷெட்டைக் கட்டி முடித்தேன். அத்திப்பள்ளிப் பக்கத்து ஆள் ஒருவன் ரேட்டைக் குறைத்து என்னை முழுங்கப் பார்த்தான். அவனுக்கு இப்போது நான் ஜாப் ஒர்க் கொடுக்கிறேன். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய். பெருமைக்குத்தான் எழுதுகிறேன்.

யூனிஃபார்ம் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் இதைப் படியுங்கள். டேப்பைக் கழுத்தில் போட்டவனெல்லாம் அளவு தெரிந்தவன் இல்லை.

1. ஆறு கோட், ஏழு பிள்ளை

ஸ்டேட்டிக் கோட் சும்மா கோட் இல்லை. துணிக்குள் கட்டம் கட்டமாகக் கறுப்புக் கார்பன் நூல் ஓடும். உடம்பில் உண்டாகிற சின்ன மின்சாரம் எலெக்ட்ரானிக்ஸ் போர்டில் பாய்ந்து அதைக் கெடுக்காமல் அந்த நூல் தடுக்கும். அதனால் கழுத்திலிருந்து கீழ்வரை எல்லாப் பட்டனும் பூட்டியிருக்க வேண்டும். ஒன்று திறந்திருந்தாலும் லைனுக்குள் விடமாட்டார்கள்.

சார்ஜருக்கு போர்டு செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து எச்.ஆர். ஆபீசர் போன் செய்தார். புதிதாக வந்தவர், நாலு எழுத்துப் பட்டம் வாங்கியவர்.

"மாஸ்டர், உங்க கோட் வாஷ் பண்ணா சுருங்குது. ஆறு பேருக்குப் பட்டன் பூட்டல. நான் வெண்டரை மாத்தப் போறேன்."

என் துணி சுருங்குகிறதா? வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் மேசை மேலேயே ஆறு கோட்டையும் விரித்து அளந்தேன். ஒரு நூல் குறையவில்லை.

"சார், கோட்டை விடுங்க. போட்டுக்கிற ஆளுங்களைக் கூப்பிடுங்க."

ஆறு பெண்கள் வந்தார்கள். முதலில் நின்றவள் சுமதி. சிங்காரப்பேட்டைப் பெண், சால்டரிங் லைனில் காண்ட்ராக்ட் வேலை.

"எந்தப் பட்டனும்மா பூட்டல?"

"நெஞ்சுல ரெண்டு, வயித்துல ரெண்டு மாஸ்டர்."

"நடுவுல லீவா?"

"ஆமா. கொழந்த பொறந்துச்சு. பொண்ணு."

அடுத்தவளைக் கேட்டேன். பையன். அதற்கடுத்தவளுக்குப் பெண். ஆறாவது ஆள் நான் வாயைத் திறக்கும் முன்பே "ரெட்டை மாஸ்டர்" என்றாள்.

எச்.ஆர். பக்கம் திரும்பினேன். "சார், ஆறு கோட்டுக்குள்ள ஏழு புள்ளைங்க. என் துணி மேல ஏன் பழி போடுறீங்க?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை.

2. எச்.ஆர். எழுதிய பத்தியம்

வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்தில் சைஸை மாற்றியிருப்பான். இவர் படித்தவர் அல்லவா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"அப்ப கோட் ஓகே. இவங்கதான் சுருங்கணும்."

"என்ன சார்?"

"சிஸ்டத்துல இவங்க எல்லாரும் எம் சைஸ் மாஸ்டர். வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாத்த முடியும்."

"புள்ள பெத்தா மாத்திக்கிறதுக்கு உங்க சிஸ்டத்துல ஒரு பட்டன் இல்லையா சார்?"

இல்லையாம். மறுநாளே அறிவிப்புப் பலகையில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். மகப்பேறு முடிந்து வரும் பணியாளர்கள் சோறு, எண்ணெய், இனிப்பைத் தவிர்த்து, தினமும் கிரவுண்டைச் சுற்றி நடந்து, தங்கள் ஒரிஜினல் சைஸுக்குத் திரும்ப வேண்டும் என்று அதில் இருந்தது. ஒரிஜினல் சைஸ்! மோட்டாருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கேட்பது மாதிரி. எழுதியவர் தன் சட்டையின் நாலாவது பட்டன் எவ்வளவு கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தது என்று ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கலாம். குனிந்தால் அது பிய்ந்திருக்கும், அது வேறு.

என்னிடம் ஸ்பேராக இருந்த ஒரு எல் சைஸ் கோட்டை, ஆபீஸில் கேட்காமலே சுமதிக்குக் கொடுத்தேன். பட்டன் பூட்டியது. ஆனால் தோள் இறங்கி, கை விரல் நுனி வரை தொங்கியது. லைன் சூப்பர்வைசர் மஞ்சுளா ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக்காரர். நல்ல மனுஷி. ஆனாலும் தடுத்துவிட்டார்.

"பேடா, வேணாம் மாஸ்டரே, கை போர்டுல உரசுது. நான் உள்ள விட்டா எனக்கு மெமோ."

அவர் சொன்னதில் தப்பில்லை. சுமதியை அட்டைப்பெட்டி மடிக்கிற இடத்தில் உட்கார வைத்தார்கள். மாதக் கடைசிக்குள் எம் சைஸ் கோட் பூட்டாவிட்டால் சால்டரிங் சீட்டில் புதுப்பெண் உட்காருவாள், சுமதி வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் புருஷனுக்கு அப்போது வேலை இல்லை. வீடு ஓடியது அந்த ஒரு சீட்டால்.

ஷிஃப்ட் முடிந்து ஒரு சாயங்காலம் என் ஷெட்டுக்கு வந்தாள்.

"மாஸ்டர், பட்டனை மட்டும் ஒரு இஞ்சு தள்ளி வெச்சுக் குடுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

முகம் வெளுத்திருந்தது. என் வீட்டுக்காரி ஆரோக்கியமேரிதான் ஷெட்டில் செக்கிங் பார்க்கிறவள். அளவு எடுக்கத் தடுப்புக்குப் பின்னால் கூட்டிப் போனாள். உள்ளே இருந்து சத்தம் வந்தது.

"அடிப்பாவி, இன்னாடி இது? பொடவையைக் கயிறு மாதிரி திரிச்சு வயித்தை இறுக்கிகினு வந்திருக்கிற! மூச்சு வாங்குதே!"

"அப்பதான் அக்கா கீழ்ப்பட்டன் பூட்டுது."

"சோறு துன்னியா?"

"ஒரு வேளைதான். நோட்டீஸ்ல சோறு வேணாம்னு போட்டிருக்காங்க. பால்தான் கம்மியாயிடுச்சு, புள்ள அழுதுகினே கீது."

"நோட்டீஸ் போட்டவன் வந்து பால் குடுக்கிறானாடி?"

கட்டை அவிழ்த்து வெளியே கூட்டி வந்து, களியும் கீரையும் போட்டு எதிரில் உட்கார வைத்துச் சாப்பிட வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பத்து மாசம் ஏறின உடம்பு ஒரு நோட்டீஸ்ல எறங்குமா? ஒரு வாரம் வத்தும், ஒரு வாரம் அப்படியே நிக்கும். பால் கட்டினா மார் ஒரு அளவு, புள்ள குடிச்சா இன்னொரு அளவு. ஒரே நாள்ல ரெண்டு அளவு. பெரிய மாஸ்டர்தானே நீங்க? வெட்டுங்க பாக்கலாம்."

3. அக்குள் மடிப்பு

என்னிடம் அப்படிச் சொன்னால் நான் விடுவேனா?

தோளையும் கையையும் தொடவில்லை. அவை எம் சைஸாகவே இருந்தன. அக்குளிலிருந்து கீழ் ஓரம் வரை இரண்டு பக்கமும் அதே துணியில் ஒரு துண்டு சேர்த்து, உள்மடிப்பாக மடித்து, மடிப்புக்கு மூன்று வரிசை பிரஸ் பட்டன் வைத்தேன். உடம்பு கேட்கும் அளவுக்கு ஒரு வரிசையைத் திறக்கலாம், இரண்டைத் திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம். வெளியே பார்த்தால் சாதாரண கோட்.

கேட்பதற்குச் சுலபம். சேர்த்த துண்டின் கார்பன் நூலும் பழைய துணியின் கார்பன் நூலும் தையலில் ஒன்றையொன்று தொடாவிட்டால் மின்சாரம் அங்கேயே நின்றுவிடும். முதலில் சாதா ஓவர்லாக் அடித்துப் பார்த்தோம், மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்கிற மீட்டரில் ஃபெயில். பிரித்து, இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, கார்பன் நூலிலேயே தைத்தேன்.

மாதக் கடைசிக்கு முன்னால் கோட்டோடு போனேன். எச்.ஆர். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இது அப்ரூவ்டு டிசைன் இல்லை மாஸ்டர்."

"அப்ரூவ் பண்றது நீங்களா, மீட்டரா?"

குவாலிட்டி ஆள் ஒரு கையிலிருந்து இன்னொரு கை வரை மீட்டரை வைத்தார். சேர்த்த துண்டிலும் வைத்தார். பச்சை விளக்கு. சுமதி போட்டுக்கொண்டாள். வயிற்றில் கட்டு இல்லை, காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள். கழுத்திலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். கடைசிப் பட்டனையும் பூட்டிவிட்டு மஞ்சுளா பக்கம் திரும்பி நின்றாள்.

மஞ்சுளா கை நீளத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். "ஒள்ளே கெலசா, நல்ல வேலை மாஸ்டரே! வாம்மா சுமதி, உன் சீட்டு காலியாதான் இருக்கு."

மற்ற ஐந்து பேருக்கும் அதே வாரம் தைத்துக் கொடுத்தேன். பிறகு அவரவர் உடம்பு வற்ற வற்ற ஒவ்வொரு வரிசையாக மூடினார்கள். சுமதி இரண்டு வரிசை மூடினாள். ரெட்டைப் பிள்ளைக்காரி ஒன்றைத்தான் மூடினாள், அதோடு சரி. அது அவள் உடம்பு. லைனில் அவள் செய்த போர்டு எதுவும் அதனால் கெட்டுப்போகவில்லை.

பச்சை உடம்புக்காரிக்குத் துணி வெட்டும்போது, இன்றைய அளவை மட்டும் நம்பி வெட்டாதீர்கள். விட்டுக்கொடுக்க உள்ளே துணி வையுங்கள். உடம்பை வெட்டித் துணிக்குள் நுழைக்கிற யோசனை ஆபீசர்களுக்கு வரலாம், டெய்லருக்கு வரக்கூடாது.

4. கேன்டீன் போஸ்டர்

போன மாதம் டெலிவரிக்குப் போன என் டிரைவர் போட்டோ எடுத்து வந்தான். கேன்டீனில் பெரிய போஸ்டர். 'தாய்மார் நலக் கோட், எங்கள் எச்.ஆர். குழுவின் புதிய சிந்தனை.' அந்த ஆபீசர் கையில் ஷீல்டு. பக்கத்தில் என் கோட்டைப் போட்டுக்கொண்டு யாரோ ஒரு மாடல் பெண் நிற்கிறாள். அவள் பிள்ளை பெற்ற மாதிரித் தெரியவில்லை. பத்தியம் எழுதியவர் சிந்தனை செய்தாராம்!

ஐயா, ஷீல்டை வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் வைக்க இடமில்லை. போஸ்டரில் மட்டும் இரண்டு வரி சேர்த்து அச்சடியுங்கள். 'அளவு சொன்னவர்: ஆரோக்கியமேரி. வெட்டியவர்: சவரிமுத்து மாஸ்டர், மூக்கண்டப்பள்ளி.' யார் பெயர் மேலே வர வேண்டும் என்பதை நாங்கள் வீட்டில் பேசிக்கொள்கிறோம்.

நீங்கள் கேட்ட அடுத்த லாட் மடிப்புக் கோட்டை நிறுத்தி வைத்திருப்பேன். கஷ்டப்படப்போவது லீவு முடிந்து வருகிற பெண்கள் என்பதால் அனுப்பிவிட்டேன். ஆனால் பெயர் ஏறுகிற வரைக்கும் இனி டெலிவரிக்கு டிரைவர் வரமாட்டான். நானே வருவேன். கேன்டீன் நேரத்தில் வருவேன். போஸ்டருக்குப் பக்கத்தில் நின்று, சாப்பிட வருகிற ஒவ்வொருத்தரிடமும் இந்தக் கதையை முதலிலிருந்து சொல்வேன்.