முகம் மாற்றிய பொம்மை

என் சித்தி ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, தூக்கத்தில் பேசுவது போல, "சில்லறையா குடுங்க... அடுத்து யாரு..." என்பார். வீட்டுக்கு வந்தால் அதுவும் கிடையாது. நேராகப் பொம்மை அலமாரிதான்.

குழந்தைகள் உருட்டும் பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். முழங்கை, முழங்கால், மணிக்கட்டு என மூட்டுக்கு மூட்டு ஓர் உருண்டை. உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கும். கண்ணை மாற்றலாம், முடியை மாற்றலாம், முகத்தையே துடைத்துவிட்டு வேறு வரையலாம்.

சித்தப்பா மூக்கால் முனகுவார்: "எனக்கும் முட்டியில ரெண்டு உருண்டை வெச்சாத்தான் உங்க சித்தி திரும்பிப் பாப்பா போல."

சித்தி மனம்விட்டுப் பேசுவது ஃபோனில், எழுத்தில் மட்டும். பொம்மைக்காரர்களின் குழு அது. அங்கே எவரும் தன் படம் போடுவதில்லை, பொம்மையின் படம்தான். சித்திக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது, சொந்தக்காரர்களைவிட அதிகம் விசாரித்தது அந்த முகம் தெரியாதவர்கள்தான்.

அவர்கள் முதல்முறையாக ஒரு நூலகத்தின் மாடியில் கூடினார்கள். பொம்மையைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சித்தியோ, நல்ல நாளும் அதுவுமாகப் பழைய முகத்தோடு போவதா என்று, சுத்தமாகத் துடைத்துப் புதிதாக வரைந்து, முடியையும் மாற்றிக் கொண்டுபோனார். துணைக்கு நான்.

உள்ளே ஒரே கலகலப்பு. "இது நம்ம தூங்குமூஞ்சி ராணிதானே? அப்ப நீங்கதானா அது?" என்று ஒரு பேக்கரிக்காரர் ஒரு பல் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்களுக்குக் கிடைத்ததோ, "குழுவுக்குப் புதுசா? உக்காருங்க" என்ற மரியாதை.

"நான்தான்னு சொல்லேன் சித்தி."

"நானா போய் எப்படிடி சொல்றது? இத்தனை வருஷம் பழகினவங்க."

"அதுக்கு? தப்பான கல்யாண மண்டபத்துல பந்திக்கு உக்காந்த மாதிரி முழிச்சிட்டே இருக்கலாமா?"

சித்தி சிரிக்கவில்லை. "கிளம்பலாம் வா" என்றார்.

பொம்மையைச் சுற்றும் துணியை உதறுவதற்காக அதை மேசைமேல் நிறுத்தினார். அவர் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, ஒரு முழங்காலைத் தளர்த்தி, கையைப் பிடரியில் வைத்தது. முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. பொம்மை நின்றது. இல்லை, காத்திருந்தது. நகராத வரிசையில் கால் கடுக்க நிற்கும் ஒரு பெண் அங்கே இருந்தாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. மிமிக்ரி செய்கிற நான் மனிதர்களின் குரலைத்தான் திருடுவேன். சித்தி ஆளையே திருடி வைத்திருக்கிறார்.

பேக்கரிக்காரர் பேச்சைப் பாதியில் விட்டார். பொம்மையைப் பார்த்தார், பிறகு சித்தியைப் பார்த்தார்.

"இப்படி நிக்க வெக்கிறது ஒருத்தங்கதான்" என்றார் மெதுவாக. "ஆபரேஷன் பண்ண இடம் இப்ப வலிக்குதாக்கா?"

சித்தி இல்லை என்று தலையாட்டினார். கண் நிறைந்திருந்தது.

இந்தக் கூட்டத்தில் தன் பொம்மையை அடுத்தவர் கையில் கொடுக்கவே மாட்டார்களாம். பல் டாக்டரம்மா எழுந்து வந்து தன்னுடையதை இரண்டு கைகளாலும் நீட்டினார். "எங்கிட்ட வந்ததுலேர்ந்து உக்காந்தேதான் இருக்கா. நீங்க பாருங்களேன்."

சித்தி அதன் முகத்தில் விரல் படாமல் பிடரியோடு வாங்கினார். "மூட்டுக்குள்ள மெல்லிசா ஒரு தோல் துண்டு ஒட்டணும், வழுக்காது. இப்போதைக்கு இடுப்ப மட்டும் இப்படி..." என்று சொல்லிக்கொண்டே மெல்லக் கையை எடுத்தார்.

அது நின்றது. அறையில் ஒருவரும் அசையவில்லை.