மூன்றடுக்கு விளக்கின் கீழே வெள்ளைச் சட்டை

ஊரில் எல்லோரும் வெளிச்சத்துக்குப் பேயாய் அலைந்த காலம் அது. சுனாமி வந்து வருஷங்கள் ஆகியும் எங்கள் வீட்டுத்திட்டம் முடிந்தபாடில்லை. நாட்டில் நடந்த சண்டைதான் முந்தி முடிந்தது. குருக்கள்மடத்தில், தையல் மெஷினைக் கடலுக்குக் கொடுத்த ஆறு பெண்கள், நிவாரணத்தில் கட்டிய ஒரு மண்டபத்தில் சேர்ந்திருந்து தைத்தோம். மின்சாரம் வந்த அன்றே தலைக்கு நேரே ரியூப் லைற்றுகளைக் கட்டினோம். இருட்டில் இருந்தது போதும் என்ற ஆத்திரம்.

அந்த ஆத்திரமே எங்களுக்கு வினையானது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளுக்கு ஓடர் தந்திருந்த காத்தான்குடி முதலாளி, முதல் கட்டு முழுவதையும் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் போட்டார். கொலர்களில் தையல் பாம்பு போல நெளிந்திருந்தது. வெள்ளைத் துணி, வெள்ளை நூல், மேலே கண்ணைப் பறிக்கும் லைற், ஊசி நுனியில் மினுக்கம். பின்னேரமானால் தலை வெடிக்கும். லைற்தான் காரணம் என்றேன்.

"ஆடத் தெரியாதவ மேடை கோணலெண்டாளாம். அடுத்த கட்டும் இப்பிடியெண்டா ஓடர் வேற ஆக்களுக்குத்தான் புள்ள," என்றார்.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். ஆனால் அந்த ஓடர் போனால் ஆறு வீட்டிலும் உலை ஏறாது. கட்டை அவிழ்த்து, நெளிந்த தையலைப் பிரிக்கத் தொடங்கினேன்.

வீடு கட்ட வந்திருந்த டென்மார்க் எஞ்சினியரிடம்தான் அந்தக் கோபத்தைக் கொட்டித் தீர்த்தேன். அவருடைய ஆங்கிலம் எனக்கு அரைகுறையாக விளங்கியது. என்னுடையது அவருக்கு அதுவும் இல்லை. சட்டை வெட்டும் கடதாசியில் அவர் ஒரு விளக்கை வரைந்தார். அவர்கள் நாட்டில், மண்ணெண்ணெய் விளக்கில் வளர்ந்த ஒருவர், மின்சார பல்பு இப்படிக் கண்ணைக் குத்துகிறதே என்று வெறுத்து வருஷக்கணக்காக யோசித்துச் செய்ததாம். கவிழ்த்த தட்டு, அதன் கீழே கவிழ்த்த கிண்ணம், அதற்கும் கீழே கவிழ்த்த கப், நடுவில் பல்பு. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் பல்பு தெரியக்கூடாது, வெளிச்சம் மட்டும் மூன்றிலும் பட்டு மேசைக்கு இறங்க வேண்டும்.

தட்டுக்கும் கிண்ணத்துக்கும் கப்புக்கும் எங்களிடமா பஞ்சம்? நிவாரணத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே அலுமினியச் செட். சாப்பிட ஆள் குறைந்த வீடுகளில் பாத்திரம் மட்டும் கூடிக் கிடந்தது. கிண்ணத்துக்கும் கப்புக்கும் அடியை வெட்டி, இடைவெளி விட்டுக் கம்பியால் கோத்தோம்.

"வெளிச்சத்த மூடுறதுக்கும் ஒரு விளக்கா அக்கா?" என்று ஒருத்தி சிரித்தாள்.

மாட்டிப் பார்த்தால் முன்னையதைவிட மோசம். நாலு பக்கமும் பளபளவென்று கண் கூசியது. எஞ்சினியர் தட்டைத் தடவிப் பார்த்து, இதை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். என்ன செய்வோம்? நாலு பேர் பார்க்கிற இடத்தில் தேய்க்காத பாத்திரத்தை எந்தப் பெண் தொங்கவிடுவாள்? சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டு, முகம் தெரியுமட்டும் ஆறு பேரும் தேய்த்திருந்தோம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகு நானும் சிரித்தேன்.

அவர் சொன்னபடி, பளபளப்பு மறைய, வீட்டுச் சுவருக்கு அடித்து மிஞ்சிய மங்கல் வெள்ளைப் பெயின்றை உட்புறம் முழுக்கப் பூசினோம். ரியூப்களை அணைத்துவிட்டு, மெஷினுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் விளக்குகளைத் தொங்கவிட்டோம். துணியில் ஒவ்வொரு தையலும் தன் சின்ன நிழலோடு எழும்பித் தெரிந்தது. தலைவலி போன இடம் தெரியவில்லை.

அடுத்த கட்டை முதலாளி ஒவ்வொரு கொலராகப் புரட்டினார். ஒன்றைக்கூட அவர் ஒதுக்கவில்லை.

"இன்னும் ரெண்டு பள்ளிக்கூடத்துக்குத் தைக்கேலுமா புள்ள?"

"ஓம், ஏலும்," என்றேன்.

பள்ளிக்கூடத் தவணை தொடங்கிய காலை கல்முனை ரோட்டில் போய் நின்றேன். ரோடு நிறைய எங்கள் சட்டைகள் நடந்து போயின. வெட்கமில்லாமல் ஒரு பிள்ளையை மறித்துக் கொலரைப் புரட்டினேன்.

"என்ன மாமி பாக்கிறீங்க?"

"என்ட தையல," என்றேன், ரோட்டில் போகிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அது கோடு கீறியது போல நேராக ஓடியிருந்தது. பெருமை நெஞ்சு கொள்ளவில்லை. அடுத்து வந்த பிள்ளையையும் மறித்தேன்.