ஜிபிஎஸ் திரையில் விடுபட்டுக் கிடந்த இடம்

அப்பா காணாமல் போன அன்று எனக்கு முதல் ஷிப்ட். போன செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் வேலை செய்கிறேன். லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஒன்பது மணிக்கு சூப்பர்வைசர் வேகமாக வந்தார்.

"எஸ்தர், உங்க வூட்டுக்காரரு போன்ல இருக்காரு. உங்கப்பா வாக்கிங் போனவரு இன்னும் திரும்பலையாம்."

கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினேன்.

இதை வாசிக்கிற என் விசுவாசக் குடும்பத்தாருக்கு முதலில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு வந்த பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சு போய்விட்டது. வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், காலை ஆறு மணிக்குக் கைத்தடியோடு கிளம்பி ஏழு மணிக்குள் பென்னலூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஒருநாளும் தவறியதில்லை. இப்போது எங்கேயோ விழுந்து கிடந்தால் அவரால் ஒரு சத்தம்கூடக் கொடுக்க முடியாது. வரும் வழியெல்லாம் அந்த ஒரே நினைப்புத்தான். அழுகை வரவில்லை.

நான் வந்து சேர்வதற்குள் என் கணவர் பிரபு தெருத்தெருவாகப் பைக்கில் சுற்றிவிட்டார். போலீஸ் ஸ்டேஷனில் சொல்லியாகிவிட்டது. ஒரு கம்பெனி கேட்டில் இருந்த கேமராவில் ஆறு இருபதுக்கு அப்பா ஏரிப் பக்கம் போவது தெரிந்தது. பின்னாலேயே இரண்டு நாய்கள். அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் எத்தனையோ வருடமாகச் சும்மா கிடக்கும் நிலம். ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம், பாதியில் நின்ற காம்பவுண்டுச் சுவர்கள். எங்கே திரும்பினாலும் ஒரே மாதிரி இருக்கும்.

பக்கத்து ஹாஸ்டலில் இருந்து பத்துப் பேர் வந்தார்கள். எல்லாரும் தெற்கேயிருந்து வந்து இங்கே வேலை பார்க்கிறவர்கள். அவர்களில் இசக்கி என்பவர் முன்னால் நின்றார். "ஐயா! ஐயா!" என்று காடே அதிரக் கத்திக்கொண்டு தேடினோம். ஒரு மணி வரைக்கும் தேடினோம். யாரைக் கேட்டாலும், "அங்க பாத்தாச்சு" என்றார்கள். எங்கே பார்த்தது, எது பாக்கி, ஒருவருக்கும் தெரியவில்லை. போன்களில் சார்ஜ் இறங்கிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் பீரோவில் இருந்த ஜிபிஎஸ் கருவி ஞாபகம் வந்தது.

அது என்னிடம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். லீவு நாட்களில் கம்பெனித் தோழிகள் நான்கு பேரோடு மலையேறப் போவேன். அதற்கு முந்தின வருடம் ஜவ்வாது மலையில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த விரலுக்குப் போன் திரை நகரவே இல்லை. சிக்னலும் இல்லை. இரண்டு மணி நேரம் தப்பான ஒற்றையடிப் பாதையில் அலைந்தோம். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெரிய டச் ஸ்கிரீன் ஒன்றைப் பளபளவென்று எடுத்து வைத்தார். நான் கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். சரியாக வேலை செய்யவில்லை. பட்டன் வைத்ததைக் கேட்டேன். வெயிலில் வெளியே கொண்டுபோய்த் திரை தெரிகிறதா என்று பார்த்தேன். பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரி போடுவதாக இருக்க வேண்டும், தண்ணீர் உள்ளே போகக் கூடாது, கீழே விழுந்தால் உடையக் கூடாது என்றேன். கனமாகத்தான் இருந்தது. பார்க்கவும் அழகில்லை. ஆனால் அதைத்தான் வாங்கினேன்.

"போன்லயே மேப் கீதே, இது இன்னாத்துக்கு?" என்று பிரபு சிரித்தார். நான் விடவில்லை. ஏரிக்கரையில் ஒரு மாதம் நடந்து நடந்து பழகினேன்.

அன்று அதைக் கையில் எடுத்ததும் எனக்குள் ஒரு வேகம் வந்தது. திறந்த வெளியில் நின்று, சாட்டிலைட் பிடிக்கும் வரை பொறுத்தேன். அப்பாவைக் கடைசியாகக் கண்ட கம்பெனி கேட்டைக் குறித்துக்கொண்டேன். நடக்கிற தடம் பதிவாகும்படி வைத்தேன். பத்துப் பேரையும் பத்தடிக்கு ஒருவராக நிறுத்தி, நடுவில் நான் நின்றுகொண்டேன்.

"எல்லாரும் ஒண்ணா நடங்க. யாரும் முன்னால போவாதீங்க. நான் திரும்புனா எல்லாரும் திரும்பணும்."

ஏரிக்கரையிலிருந்து சுவர் வரை, சுவரிலிருந்து ஏரிக்கரை வரை. வயலில் உழுகிற மாதிரி போய்ப் போய் வந்தோம். முள் கிழித்துக் கையெல்லாம் ரத்தம். மூன்றரை மணி ஆகிவிட்டது. அப்பா இல்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மழ வரப் போவுது, எஸ்தரு," என்றார் பிரபு. அவர் குரல் உடைந்துவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அந்த இடத்திலேயே நான் முட்டி போட்டுவிட்டேன். அதுவரை காலையிலிருந்து ஜெபித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அது ஓடிக்கொண்டே சொன்ன ஜெபம். இப்போது அசையாமல் இருந்தேன். "ஆண்டவரே, எங்கப்பாவால கூப்பிட முடியாது. எனக்கும் இனிமே தேடத் தெரியல. நீர் பாத்துட்டு இருக்கீர். எனக்கும் காட்டும்." இவ்வளவுதான். வேறு வார்த்தை வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது கையில் இருந்த திரை கண்ணில் பட்டது. அதுவரை நான் நிற்கும் இடத்தை மட்டுமே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டனை அழுத்திச் சிறிதாக்கினேன். நடந்த தடமெல்லாம் வரிசை வரிசையாகக் கோடுகளாகத் தெரிந்தது. நடுவில் ஒரு இடத்தில் மட்டும் கோடே இல்லை. ஒரு பக்கத்துக் கோடு அந்தப் பக்கம் வளைந்து போயிருந்தது. மறு பக்கத்துக் கோடு இந்தப் பக்கம் வளைந்து வந்திருந்தது. நடுவே வெள்ளையாக ஒரு இடம் விடுபட்டுக் கிடந்தது.

"இசக்கி! இங்க பாருங்க, இது இன்னா எடம்?"

அவர் எட்டிப் பார்த்தார். "எக்கா, அங்கன பூரா முள்ளு. உள்ள போவ முடியாது. நாங்க சுத்திப் பாத்துட்டோம்லா."

"சுத்திப் பாத்தீங்க. உள்ள யாராச்சும் போனீங்களா?"

அவர் கையோடு கொண்டுவந்திருந்த அரிவாளை எடுத்தார்.

விடுபட்ட இடத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, கருவியை அதற்கு வழி காட்ட வைத்தேன். நூற்றிருபது மீட்டர் என்று காட்டியது. அந்த முள்ளுக்குள் பத்தடி போவதற்குள் திசை மாறிவிடும். இசக்கி வெட்ட வெட்ட, நான் அம்புக்குறியைப் பார்த்து, "இடது பக்கம், இன்னும் இடது" என்று கத்தினேன். எண்பது. ஐம்பது. மழை பிடித்துவிட்டது. திரையில் தண்ணீர் வழிந்தது, பட்டன்கள் வேலை செய்தன. முப்பது. வழக்கம்போல எல்லாரும், "ஐயா!" என்று குரல் எழுப்பினார்கள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "எல்லாரும் வாயை மூடுங்க!" என்றேன்.

டக். டக். டக்.

மழைச் சத்தத்துக்கு நடுவில் கேட்டது. சிமெண்டின் மேல் கட்டை தட்டும் சத்தம்.

என்றைக்கோ கட்டடத்துக்காகத் தோண்டி அப்படியே விட்டுப்போன அஸ்திவாரக் குழி அது. மேலெல்லாம் முள் மூடியிருந்தது. உள்ளே சுவரில் சாய்ந்து அப்பா உட்கார்ந்திருந்தார். இடது கையால் கைத்தடியைத் தட்டிக்கொண்டிருந்தார். நாய்கள் துரத்தியதில், மறுபக்கத்து ஆட்டுத்தடம் வழியாக வந்து விழுந்திருக்கிறார். காலையிலிருந்து தட்டியிருக்கிறார். நாங்கள் போட்ட கூச்சலில் எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

என்னைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தினார். நான் குழிக்குள் குதித்துவிட்டேன். "அப்பா, வந்துட்டேன்பா, வந்துட்டேன்பா" என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

ஆம்புலன்ஸுக்குப் பிரபு ரோட்டுக்கு ஓடினார். நான்கு பேர் அப்பாவைத் தூக்கிக்கொள்ள, வந்த தடத்திலேயே திரும்பும்படி கருவியை வைத்து, மழையில் முன்னால் நடந்தேன். ஒரு திருப்பம்கூடத் தவறவில்லை. கணுக்கால் எலும்பு உடைந்திருந்தது. உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தது. நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பாவை மீட்டதற்கு மறுநாள் காலையில் இசக்கி போய் அந்தக் குழியைப் பார்த்துவிட்டு வந்தார். இடுப்பளவு தண்ணீராம்.

"சாமி காட்டுச்சோ மிஷின் காட்டுச்சோ, ஐயா கெடச்சாருல்லாக்கா," என்றார் அவர்.

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த வெள்ளை இடம் இரண்டரை மணியிலிருந்தே என் கையில் இருந்தது. ஒரு மணி நேரம் அதைத் தூக்கிக்கொண்டே நடந்திருக்கிறேன். நான் பார்க்கவில்லை. முட்டி போட்டு, என்னால் முடியாது என்று சொன்ன பிறகுதான் என் கண் திறந்தது. கருவியை நான் தேர்ந்தெடுத்தேன், உண்மைதான். அதைப் பார்க்க வைத்தவர் என் ஆண்டவர்.

மலைக்குப் போகிற சகோதரிகள் இப்போது எந்தக் கருவி வாங்கலாம் என்று என்னிடம் கேட்கிறார்கள். ஈரக் கையால் அழுத்திப் பாருங்கள், வெயிலில் பாருங்கள், மாற்றுப் பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள், வாங்கியதைப் பெட்டியில் பூட்டாமல் வீட்டுப் பக்கத்திலேயே நடந்து பழகுங்கள் என்று சொல்கிறேன். தடத்தைப் பதிவு செய்தால் மட்டும் போதாது, நடுநடுவே நின்று முழுவதையும் பாருங்கள் என்றும் சொல்கிறேன்.

என் ஜெபமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது கடகடவென்று சொல்லி முடித்துவிடுவேன். இப்போது பத்து நிமிடம் முன்னதாகவே எழுந்து, ஆண்டவரிடம் கேட்டுவிட்டு, பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஜெபக் கூட்டத்தில் ஸ்தோத்திரம் சொல்ல என்னை எழுப்பியபோது, அப்பாவும் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவரால் பேச முடியாது. இடது கையை உயர்த்தி, வாயைத் திறந்து சிரித்தார். சபை முழுவதும் கைதட்டியது.

நீங்களும் எதையோ தேடிக் களைத்திருக்கலாம். எல்லா இடத்திலும் பார்த்தாயிற்று என்று நினைக்கலாம். கொஞ்சம் நில்லுங்கள். அவரிடம் கேளுங்கள். கூப்பிட முடியாதவர் இருந்த இடத்தை எனக்குக் காட்டினவர், உங்களுக்கும் காட்டுவார்.