மயிலாத்தாள் மறுக்காத டீ

மில் மூடிய பிறகு மயிலாத்தாளுக்குக் கிடைத்த வேலை, கணபதி பகுதியில் வரிசையாக ஒட்டியிருந்த லைன் வீடுகளில் பிள்ளை பெற்ற பெண்களைப் போய்ப் பார்ப்பது. அங்கிருந்த ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி தொண்ணூற்று நான்கில் அவளை அதற்கு அமர்த்தியது. தாய்க்கும் பிள்ளைக்கும் அளவுக்கு மீறிச் சதை போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கைக்குழந்தையின் புட்டியில் சர்க்கரை கலப்பதை நிறுத்த வேண்டும். தாயை எழுந்து நடமாட வைக்க வேண்டும்.

இல்லாதவர்கள் வீட்டில் போய்ச் சதையைப் பற்றிப் பேசுவதா என்று முதலில் அவளுக்கே கூச்சமாக இருந்தது. போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்த வீடுகளில் காய்கறிக்கும் பருப்புக்கும்தான் பஞ்சம். சர்க்கரையும் மைதாவும் எப்படியோ கிடைத்துவிடும். பக்கத்துப் பட்டறைகளின் இரைச்சலில் பிள்ளை தூங்காமல் அழுதால் வாயில் ஒரு புட்டி. தாய்க்கு உட்கார்ந்த இடத்தில் டீயும் வர்க்கியும்.

மயிலாத்தாளும் கனத்த உடம்புக்காரி. தண்ணீர்க் குழாயடியில் லைன் வீட்டு ரங்கநாயகி ஒருநாள் கேட்டே விட்டாள்.

"இளைக்கச் சொல்றவங்க எங்கூட்டுக் கதவுல ஒருக்களிச்சுத்தான் வர்றீங்க."

"கதவு அப்படியேதானுங்க அம்மணி இருக்குது. நாந்தான் பெருத்துப்போட்டேன்" என்றாள் மயிலாத்தாள். குழாயடியே சிரித்தது. அதற்குப் பிறகு எல்லாக் கதவும் அவளுக்குத் திறந்தது.

திறக்காதது சபுராவின் மனசுதான். லேத்துப் பட்டறையில் வேலை செய்யும் அக்பர் அலியின் மனைவி. அவளுடைய கைக்குழந்தை மடிப்பு மடிப்பாகச் சதை போட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தது. வெள்ளி அரைஞாண்கொடி இடுப்பில் புதைந்து தோல் சிவந்திருந்தது. மயிலாத்தாள் அதைத் தளர்த்தப் போனபோது சபுரா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது மூத்தவனோட கொடிங்க்கா. அவனுக்கு வவுத்தால போயி, வத்தி வத்தி, இது நழுவிக் கால்ல உளுகும். கடைசீல கொடிதான் மிஞ்சுச்சு. இவனுக்கு இறுக்கமா இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வருதுங்க."

அன்றைக்கு மயிலாத்தாள் சர்க்கரையைப் பற்றி எதுவும் பேசவில்லை. சபுரா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தாள்.

அவள் குடிக்கக் கூடாத டீ அது. சர்க்கரை நோய் வந்து கால் சுண்டுவிரலை எடுத்திருந்தார்கள். மில் மிஷினில் போய்விட்டது என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் விருந்தாளிக்கென்று தாராளமாகச் சர்க்கரை போட்டுத்தான் டம்ளர் வரும். ஒரு டீயை வேண்டாம் என்று சொல்ல வாயில்லையா என்று கணவர் பாலுசாமி சண்டை பிடித்தார்.

"நான் கவுண்டச்சிங்க" என்றாள் அவள். "வேண்டாம்னா, எங்கூட்டு டம்ளரத் தொடமாட்டேங்கறான்னுதான் நெனைப்பாங்க. அப்புறம் நாஞ்சொல்றது எது காதுல ஏறும்?"

சர்க்கரை இல்லாமல் கேளேன் என்றார். நோவு உனக்கே இருக்குது, நீ வந்து எங்களுக்குச் சொல்றியா என்று கேட்பார்கள் என்றாள்.

மயிலாத்தாள் சபுரா வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள். பிள்ளை அழுதால், புட்டியை எடுக்கவிடாமல் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ரேஷன் கடை வரைக்கும் நடப்பாள். சபுரா பதறிக்கொண்டு பின்னால் வருவாள். பாதி நாள் கடை வருவதற்குள் அழுகை நின்றுவிடும். "பாரு கண்ணு, இது பசியில்ல. சலிச்சுப்போயி அழுகறான்." பசித்து அழுதால் தாய்ப்பால் கொடுக்க வைத்தாள். மெல்ல மெல்லப் புட்டியிலிருந்து சர்க்கரை போயிற்று. பிறகு புட்டியும் போயிற்று. நடந்து நடந்து சபுராவுக்கும் முட்டிவலி குறைந்தது. ஒருநாள் அவளே தட்டானிடம் போய்க் கொடியில் இரண்டு கண்ணி கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தச் சந்தோஷத்தில் மயிலாத்தாளின் டம்ளரில் இன்னொரு கரண்டி சர்க்கரை விழுந்தது.

அடுத்த ஐப்பசி மழையில் மயிலாத்தாளின் காலில் மறுபடி புண் வந்தது. இந்த முறை ஆறவில்லை.

இழவு வீட்டுக்குச் சபுரா பிள்ளையோடு போனாள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒரு பாதம் முழுக்கத் துணி சுற்றியிருந்தது. மழையில் வழுக்கி விழுந்து அடிபட்டுவிட்டதா என்று பாலுசாமியிடம் மெதுவாகக் கேட்டாள். சர்க்கரை நோவு, ரொம்ப வருஷமாக என்றார் அவர்.

சபுரா அந்தத் துணி சுற்றிய பாதத்தைப் பார்த்தாள். "நாந்தானுங்களே போட்டுப் போட்டுக் குடுத்தேன்."

"எல்லா ஊட்லயுந்தாங்க குடுத்தாங்க" என்றார் பாலுசாமி. "ஒரு ஊட்லயும் அவ வேண்டாங்கல."

கூட்டத்தையும் அழுகையையும் பார்த்துப் பிள்ளை வீறிட்டது. பக்கத்திலிருந்த பெண் ஒருத்தி, பசிக்குது போல என்று பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து நீட்டினாள். சபுரா தலையை ஆட்டி மறுத்துவிட்டு, பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். ரேஷன் கடைப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள். கடை வருவதற்குள் பிள்ளை அடங்கிவிட்டது. அவள்தான் நிற்காமல் அழுதுகொண்டு போனாள்.