தண்டு சாயவில்லை

அடியேன் ஸ்ரீரங்கத்தில் பெருமாள் பல்லக்கைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மழை. வீட்டுக் கூரையில் ஒழுகுகிற ஓட்டை மாற்ற ஏறியபோது ஏணி வழுக்கியது. கல்தரையில் வலது குதிகால் மோத விழுந்தேன். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டு, அன்று மாலையே புறப்பாட்டுக்குப் போனேன். பாதி வழியில் தோளை எடுத்தால் பல்லக்கு சாயும். எங்களில் யாரும் எடுக்க மாட்டோம். பல்லைக் கடித்துக்கொண்டு வீதி சுற்றி வந்தேன். பெருமாள் உள்ளே எழுந்தருளியதும் சுருண்டு விழுந்தேன்.

திருச்சி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்த பெரிய டாக்டர் திட்டாத குறைதான்.

"குதிகால் எலும்பு நொறுங்கி உள்ளே இறங்கிடுச்சு. அதுமேல பாரத்தோட வேற நடந்திருக்கீங்க. கிழிச்சு வைத்தியம் பண்ணலாம்னா உங்களுக்குச் சர்க்கரை இருக்கு, புண் ஆறாது. காலையே எடுக்கும்படி ஆகலாம். அப்படியே விட்டா அந்தக் கால் குட்டையாயிடும்."

கால் குட்டையானால் நடக்கலாம், சுமக்க முடியாது. பல்லக்குத் தண்டுக்கு அடியில் நிற்பவர்களை உயரம் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். அரை விரற்கடை குறைந்தாலும் இடம் போயிற்று. வேறு வேலை எனக்குத் தெரியாது. வேறு ஆசையும் இல்லை.

அழுதேன். சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். "உன்னைச் சுமந்துதானே இந்தக் கதி! உனக்குக் கண் இல்லையா?" என்று பெருமாளோடு சண்டை போட்டேன்.

"ஏன்னா, திட்டாதேங்கோ. கேளுங்கோ, தருவார்" என்று என் மனைவி கோதை கட்டிலடியில் உட்கார்ந்து அழுதாள். கேட்கவும் எனக்குத் தெம்பில்லை. "ரங்கா" என்று மட்டும் சொன்னேன்.

வீக்கம் வடியக் காத்திருந்தபோது, விடுப்பு முடிந்து வேறொரு எலும்பு டாக்டர் வந்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கிழிக்கவே வேண்டாங்க. பின்னால சின்னதா ஒரு துவாரம் போட்டு, கம்பியை விட்டு, இறங்கின எலும்பை நெம்பித் தூக்கிடலாம். கம்பியோட சேர்த்து மாவுக்கட்டு."

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள். நினைவோடுதான் கிடந்தேன். "எலும்பு எழுந்திரிச்சிடுச்சுங்க" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. ஓவென்று அழுதுவிட்டேன்.

கம்பி எடுத்து, கட்டுப் பிரித்து, தடியூன்றி நடந்து, தடியையும் விட்டேன். பயம் மட்டும் விடவில்லை. மறுவருஷம் சித்திரையில், பழைய ஜோடி வரதனோடு தண்டுக்கு அடியில் போய் நின்றேன். பாரம் தோளில் வந்து உட்கார்ந்தது. வரதன் தண்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"சமமாத்தான்டா இருக்கு. நட."

மழைக்காலத்தில் குதிகால் இன்னும் வலிக்கிறது. இருக்கட்டும். இப்போதெல்லாம் பெருமாளோடு சண்டை போடுவதில்லை. பாகவதர்களே, கேட்கத் தெம்பில்லாத நாளில் அவன் பெயரை மட்டுமாவது சொல்லுங்கள். அடியேன் அன்று அவ்வளவுதான் சொன்னேன்.