தாழ்ப்பாளில் தொங்கிய பச்சைத் துணி

அந்தப் பச்சைத் துணி ஒரு முழம் இருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் கழித்துப்போட்டதிலிருந்து கிழித்தது, ஓரம்கூட அடிக்காதது. எதிர்வீட்டு சிஸ்டரின் கதவுத் தாழ்ப்பாளில் தொங்கிக்கொண்டிருந்தது. கொடியிலிருந்து பறந்துவந்து மாட்டிக்கொண்டது என்று நினைத்து, எடுத்து மடித்து அவர் வீட்டு ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பு நடந்தது இது; அரியலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சீட்டு எழுதும் வேலையில் சேர்ந்து அப்போது எனக்குப் பத்து நாள்கூட ஆகவில்லை. கால் மணி நேரத்தில் சிலிண்டர்காரர் அந்தக் கதவைத் தட்டினார். அடுத்து, கல்யாணப் பத்திரிகை வைக்க ஒரு குடும்பமே வந்து தட்டியது. கண் சிவக்க வெளியே வந்த சிஸ்டர், துணியைத் தேடி எடுத்து மறுபடி கட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "பாப்பா, இது தொங்குனா நான் வூட்லயே இல்லன்னு அர்த்தம். தீப்பிடிச்சா மட்டும் தட்டு."

ஜெயங்கொண்டத்துக்காரர். வயது நாற்பத்தைந்துக்கு மேல். இரவுப் பணி முடிந்து காலை எட்டரைக்கு வருவார். குளித்து, வயிறாரச் சாப்பிட்டு, துணியைக் கட்டிவிட்டால் மூன்று மணி வரை அந்த வீட்டில் அசைவு இருக்காது. எழுந்ததும் வெளிக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு முப்பது முறை உட்கார்ந்து எழுவார். பிறகு ஏரிக்கரைவரை வேகமாக ஒரு நடை. எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள் அதற்காகவே வாசலில் நின்று எண்ணிச் சிரிப்பார்கள். ராத்திரி முழுக்க வார்டில் நடந்தது போதாதா என்று ஒருத்தி கேட்டதற்கு, "அது நோயாளிக்கு நடந்தது. இது எனக்கு" என்றார். இன்னொரு நாள் என்னிடம், "மூட்டை தூக்குறவரு முதுகைப் பாத்துக்கிறாருல்ல? நான் ஆளத் தூக்குறவ" என்றார். எங்கள் ஆஸ்பத்திரி வார்டிலும் அவர் அப்படித்தான். கனத்த நோயாளியைத் தனியாகத் தூக்க மாட்டார். இன்னொருவர் வரும்வரை காத்திருந்து, விரிப்பின் இரு பக்கமும் பிடித்து, முழங்காலை மடக்கி, மூன்று எண்ணிய பிறகுதான் நகர்த்துவார்.

நான் துணியை எடுத்த அன்று அவர் நடக்கப் போகவில்லை. சாயங்காலம் கேட்டேன். தூக்கம் கெட்ட அன்றைக்கு நடை கிடையாது, மறுபடி படுக்கைதான் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு வருடம் எதிரே இருந்து பார்த்தேன். பார்த்ததெல்லாம் எங்கே போனது என்றுதான் இந்த இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது என் மகள் பெரம்பலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வேப்பந்தட்டை சாலையில் எங்கள் வீடு. இரவுப் பணி வாரங்களில் அவள் வந்து படுத்தால், பன்னிரண்டரைக்குத் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு போய் எழுப்புவேன். வெறும் வயிற்றோடு தூங்குகிறாளே என்ற கவலை. நாலு மணிக்கு மறுபடி எழுப்புவேன். அவளுக்கு எடை ஏறிக்கொண்டே போனது. "நாள் பூரா நடக்குற வேலை, உடம்பு மட்டும் எப்படி ஏறுது?" என்று குத்திக்காட்டி நடக்க அனுப்புவேன். அவளும் செருப்பை மாட்டிக்கொண்டு போவாள்.

இரண்டு மாதத்துக்கு முன், அவளுடைய மூன்றாவது இரவுப் பணிக்கு முந்தைய பகல். உடையார்பாளையத்திலிருந்து என் அக்கா முந்திரிப்பருப்போடு வந்திருந்தாள். "பெரியம்மா வந்திருக்காங்க, எழுந்து முகத்தைக் காட்டிட்டுப் போய்ப் படு" என்று உலுக்கினேன். வந்தவர்களுக்கு முகம் காட்டாவிட்டால் எங்கள் பக்கம் பெரிய பேச்சாகிவிடும். வந்தாள், சிரித்தாள், டீ குடித்தாள். அப்புறம் அவள் தூங்கவில்லை. நான்தான் நடக்கவும் அனுப்பினேன். மறுநாள் காலை, பணி முடிந்து திரும்பும்போது, வீட்டுக்கு இரண்டு வளைவு இருக்கையில் அவள் ஸ்கூட்டர் சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் கிடந்தது. கண் சொக்கியது ஒரு நொடிதான் என்றாள். பின்னால் லாரி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் என்பதற்கு மேல் என்னால் இன்றுவரை நினைக்க முடியவில்லை.

இடது மணிக்கட்டில் எலும்பு விரிசல். மாவுக்கட்டுப் போட்டுக் கொண்டிருக்கும்போது, தூக்கம் போதவில்லை என்று ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"சொன்னேம்மா, எத்தனையோ தடவை. நீ தட்டைக் கையில வச்சுக்கிட்டு நின்ன. எப்புடி வேணாங்குறது?"

நேற்றிரவு மறுபடி பணிக்குப் போனாள். விடியும்வரை படுப்பதும் எழுவதுமாக இருந்தேன். காலையில் பஸ்ஸில் வந்து இறங்கினாள். சாப்பிட்டுப் படுத்தாள். என் பழைய பச்சைத் தாவணியில் ஒரு துண்டு கிழித்து அவள் அறைத் தாழ்ப்பாளில் கட்டினேன். பன்னிரண்டரைக்குக் கை தானாகத் தட்டை எடுத்துவிட்டது. கதவுவரை போய், திரும்பிவந்து, சோற்றை மூடிவைத்தேன்.

ஒரு மணிக்கு அக்கா வந்தாள். கைக்கட்டு அவிழ்த்த பெண்ணைப் பார்க்க, இந்த முறையும் முந்திரியோடு. ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று நேராக அறைக்கு நடந்தாள். குறுக்கே போய் நின்றேன்.

"மூணு மணி ஆவட்டும்க்கா. நைட் டூட்டி பாத்துட்டுத் தூங்குறா."

"ஏண்டி, நான் என்ன ஆஸ்பத்திரிக்கா வந்திருக்கேன், பார்வை நேரம் பாத்து உள்ள வுடுறதுக்கு?"

நான் நகரவில்லை. பையை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நாளைக்குள் உடையார்பாளையம் முழுக்கத் தெரிந்துவிடும்.

இதை எழுதும்போது மணி இரண்டு பத்து. உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும். மூச்சு வருகிறதா என்று பார்க்கக் கதவில் காதை வைக்கப் போனேன். துணி கன்னத்தில் பட்டது. வந்து உட்கார்ந்துவிட்டேன்.